பஞ்சும் ஆறு சென்டிமீட்டர் கம்பியும்

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை இழுத்துத் தீர்த்துக் குப்பையில் வீசும் ‘வேப்’ எனும் மின்சிகரெட்டுகளை விற்கத் தடை. எது ஒருமுறைப் பொருள், எது மீண்டும் பயன்படுத்தத்தக்கது என்பதைப் பிரிக்க அரசு சில நிபந்தனைகள் வகுத்தது. பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்ய முடிய வேண்டும், திரவத்தை மறுபடி நிரப்ப முடிய வேண்டும். இவற்றோடு, உள்ளே இருக்கும் காயிலையோ காயில் அடங்கிய ‘பாட்’ எனும் திரவக் கலத்தையோ வாங்கியவரே எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், மாற்றுக் காயில் தனியாகவும் கிடைக்க வேண்டும். சுண்டுவிரல் நுனிகூடத் தேறாத ஓர் உலோகச் சுருள் இப்படித்தான் சட்டத்தில் இடம்பிடித்தது.

தடைக்குக் காரணம் குப்பை. மெட்டீரியல் ஃபோகஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பு 2023-இல் எடுத்த கணக்குப்படி, வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் ஒருமுறை வேப்கள் தூக்கியெறியப்பட்டன. ஓராண்டில் வீணாகும் லித்தியத்தைக் கொண்டு 5,000 மின்கார்களுக்கு பேட்டரி செய்யலாம் என்றது அந்த அமைப்பு. மீண்டும் பயன்படுத்தும் வேப் வீட்டிலேயே தங்குகிறது. காயில் மட்டும் குப்பைக்குப் போகிறது. ஐந்து காயில் கொண்ட ஒரு பாக்கெட் கடையில் 10 பவுண்டிலிருந்து 15 பவுண்டு வரை. ஒரு காயில் உழைப்பது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். புகைபிடித்தலுக்கு எதிரான ஆஷ் அமைப்பின் 2024 கணக்கெடுப்புப்படி அந்த நாட்டில் வேப் பிடிக்கும் பெரியவர்கள் 56 லட்சம் பேர், அதாவது நூற்றுக்குப் பதினொருவர். அவர்களில் கையைக் கடிக்கும் செலவை உணர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உள்ளே இருப்பது கொஞ்சம் கம்பியும் பஞ்சும்தானே, அதை வீட்டிலேயே சுற்றிக்கொண்டால் என்ன?

உள்ளே இருப்பது உண்மையில் அவ்வளவுதான். மின்சிகரெட் என்ற எண்ணத்துக்கு அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதை யாரும் தயாரித்து விற்கவில்லை. இன்றைய கருவி சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கியதன் வழிவந்தது. அவருடைய முதல் வடிவம் மீயொலி அதிர்வால் திரவத்தைத் துளித்துளியாகச் சிதறடித்தது. பின்னால் வந்தவர்கள் அதைவிட எளிய வழிக்கு மாறினார்கள்: மின்தடை உள்ள கம்பியைச் சூடாக்கு, அதைத் தொட்டபடி திரவம் ஊறிய திரியை வை. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். இரண்டும் கலந்த திரவம் ஆவியாகிப் புகை போல வெளிவருகிறது. கம்பி பெரும்பாலும் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கான்தால் உலோகக்கலவை. ஹான்ஸ் வான் காண்ட்சோ 1931-இல் ஸ்வீடனின் ஹால்ஸ்டஹாம்மரில் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே அந்தக் கலவையின் பெயராகவும் நிலைத்தது. தொழிற்சாலை உலைகளுக்காக உருவான கம்பி அது.

கம்பி அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. சாவது திரிதான். எண்ணெய் வற்றிய அகல்விளக்கில் திரி கருகுவது போல, திரவம் வந்து சேரும் வேகத்தைவிடச் சூடு வேகமாக ஏறினால் பஞ்சு கருகிவிடுகிறது. தொண்டையைப் பிடிக்கும் அந்தக் கருகல் வாடை ஒருமுறை ஏறிவிட்டால் போகாது. இன்னொரு எதிரி இனிப்பு. பழச்சுவை, கேக் சுவைத் திரவங்களில் சேர்க்கும் சுக்ரலோஸ் ஆவியாகாமல் கம்பியில் தங்கி, கருப்பாகப் பிசுபிசுத்துப் படிந்து இறுகுகிறது. ஒரே கருவி, ஒரே காயில், ஒரே ஆள். இனிப்புத் திரவம் ஊற்றினால் நாலைந்து நாளில் சுவை கெடும், இனிப்பில்லாத புதினாவோ புகையிலைச் சுவையோ ஊற்றினால் பல நாள் தாங்கும். காயில் செலவைக் குறைக்க நினைப்பவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் திரவப் புட்டியின் லேபிளைப் படிப்பது நல்லது.

'காயிலை வீட்டில் புதுப்பிப்பது' என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது கழுவுவது. பழைய காயிலை வெந்நீரிலோ சாராயக் கரைசலிலோ ஊறவைத்து, அலசி, ஓரிரு நாள் உலர்த்தி மறுபடி போடுகிறார்கள். படிந்த கசடு கொஞ்சம் கரையும். சுவையும் கொஞ்சம் திரும்பும். ஆனால் கருகிய பஞ்சை எந்த வெந்நீரும் வெள்ளையாக்காது. சரியாக உலராத பஞ்சில் நீர் தங்கினால், முதல் இழுப்பிலேயே சூடான துளிகள் வாய்க்குத் தெறிக்கும். இதில் மிச்சமாவது சில நாள் ஆயுள், அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது, கடையில் வாங்கிய காயில் தலையையே பிரித்துச் சுற்றுவது. 2013 வாக்கில் காங்கர் புரோடாங்க் போன்ற கருவிகள் பரவியிருந்தபோது பலரும் செய்த வேலை இது. அந்தத் தலைகள் அதற்கு இடமும் கொடுத்தன. அடியில் இருக்கும் சிறு உலோக ஊசியை இடுக்கியால் பிடித்து இழுத்தால், அதைச் சுற்றியிருக்கும் சிலிக்கோன் வளையம் கூடவே வரும். மேலே உள்ள புகைபோக்கிக் குழாயைத் திருகிப் பிடுங்கினால் உள்ளே கருத்த திரியும், அதைச் சுற்றிய நூலளவுக் கம்பியும் தெரியும். அவற்றைக் குத்தித் தள்ளிவிட்டு, புதிய சுருளை இறக்கி, அதன் ஒரு காலை ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவிலும் இன்னொரு காலை வளையத்துக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவிலும் விட்டு அழுத்தினால் முடிந்தது. ஒரு கால் நேர்முனை, மறு கால் எதிர்முனை. நடுவில் இரண்டையும் பிரித்து நிற்பது அந்தச் சிலிக்கோன் வளையம் மட்டுமே. அடிக்கடி கழற்றி மாட்டினால் வளையம் தளரும், பழைய சூட்டில் கிழிந்தும் இருக்கும். அப்போது இரண்டு கால்களும் தொட்டுக்கொள்ள வழி பிறக்கிறது.

இன்றைய தலைகள் அந்த வழியையும் அடைத்துவிட்டன. பெரும்பாலானவற்றில் இருப்பது கம்பிச் சுருள் அல்ல, வலைபோல் துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு. அதன் கால்கள் ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டவை. வெளிக்கூடு அழுத்திப் பொருத்தப்பட்டது. சிலவற்றில் பஞ்சுக்குப் பதில் நுண்துளைப் பீங்கான். வீட்டு மேசையில் இவற்றைப் பிரித்தால் உடையும், அல்லது ஒழுகும். பாடோடு சேர்த்து வார்த்த காயில்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. இந்த இரண்டாவது வழி இன்று உழைப்புக்குக் கட்டுப்படியாகாது. பழைய தலையைப் பிரித்துச் சுற்றலாம் என்ற அறிவுரை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது பழைய கருவிகளுக்குச் சொன்னது.

மூன்றாவது வழிதான் பேசத்தக்கது. முதலிலிருந்தே கையால் சுற்றுவதற்கென்று செய்த ‘டாங்க்’ எனும் திரவத் தொட்டியை வாங்குவது. காங்கர் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட சப்டாங்கில் ஆயத்தக் காயில் தலையோடு, நாமே சுற்றிப் பொருத்தும் ஒரு தளத்தையும் கொடுத்தது. அந்த வகை டாங்குகள் இன்று 20 பவுண்டிலிருந்து 35 பவுண்டு வரை கிடைக்கின்றன. தளத்தில் இரண்டு கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. கம்பியின் கால்களைத் துளையில் விட்டுத் திருகினால் போதும். ஈயப்பற்று இல்லை, பிய்க்க வேண்டிய வளையம் இல்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்த்தால் சிக்கனம் எங்கே இருக்கிறது என்பதும் புரியும். 26 கேஜ் கான்தால் கம்பியை 2.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டில் ஆறு சுற்று சுற்றுகிறார்கள். கால்களையும் சேர்த்து ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் கம்பி செலவாகும். இந்தக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 11.3 ஓம் என்பதால், சுருள் ஏறக்குறைய 0.7 ஓமில் வந்து நிற்கும். திருகுகளை இறுக்கி, மிச்சக் கம்பியைக் கம்பத்தை ஒட்டி நறுக்கி, ஓம் மீட்டரில் வைத்துப் பார்க்கிறார்கள். எண் நிலையாக நின்றால் சரி. துள்ளினால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு கால் உலோகத்தை உரசுகிறது. அடுத்தது பஞ்சு. ஒரு கீற்றை எடுத்து நுனியை முறுக்கிச் சுருளுக்குள் நுழைத்து இழுக்கும்போது, கம்பி வளையாமல் லேசாகத்தான் பிடிக்க வேண்டும். இறுக்கினால் திரவம் ஏறாது, கருகும். தளர்த்தினால் திரவம் தேங்கி அடியில் ஒழுகும். இரண்டு நுனிகளையும் நறுக்கி, கலைத்துவிட்டு, திரவம் போகும் வாய்க்கால்களை மூடாமலும் முழுக்கத் திறந்துவிடாமலும் படுக்கவைக்க வேண்டும். கைப்பழக்கம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். கம்பி சுற்றுவது ஒரு மாலையில் வந்துவிடும். பஞ்சு வைப்பது வருவதற்கு நாளாகும்.

அதன்பிறகு வாரந்தோறும் மாற்றுவது பஞ்சை மட்டும். கம்பி பல வாரம் அப்படியே இருக்கும். பத்து மீட்டர் கம்பிச்சுருள் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது, நூற்றைம்பது காயிலுக்கு மேல் வரும். ஒரு பை பஞ்சு பல மாதம் வரும். ஆண்டுக்கு 26 முதல் 52 ஆயத்தக் காயில் வாங்கும் ஒருவர், காயில் 2.50 பவுண்டு என்று வைத்தால், 65 முதல் 130 பவுண்டு செலவழிக்கிறார். கையால் சுற்றுபவருக்கு, டாங்கின் விலையைச் சேர்த்தால் முதல் ஆண்டில் அதில் ஏறக்குறையப் பாதி மிஞ்சும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய முழுவதும் மிச்சம்.

மிச்சம் உண்மைதான். அதை விலைகொடுத்து வாங்கும் இடங்களும் உண்டு, முதலாவது மின்சாரம். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் செல் 4.2 வோல்ட் தரும். 0.7 ஓம் காயிலில் அது ஆறு ஆம்பியர். எந்த நல்ல செல்லும் தாங்கும். பெரும் புகைமேகம் வேண்டி, தடித்த கம்பியை இரட்டைச் சுருளாகப் போட்டு 0.1 ஓமுக்கு இறக்கினால் 42 ஆம்பியர். வேப்களில் போடும் 18650 செல்களில் நல்லவற்றுக்கே தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு 20 முதல் 30 ஆம்பியர்தான். எல்ஜி போன்ற தயாரிப்பாளர்கள், இந்தச் செல்களைத் தனியாக வேப்பில் போடக் கூடாது என்றே எச்சரிக்கிறார்கள். சிப் வைத்த கருவி தடையை அளந்து, எல்லை தாண்டினால் மின்சாரத்தை நிறுத்திவிடும். 'மெக்கானிக்கல் மாட்' என்ற வெறும் உலோகக் குழாயில் அந்தக் காவல் இல்லை. பொத்தானை அழுத்தினால் செல் நேராகக் காயிலோடு சேர்கிறது. இத்தகைய குழாய்கள் சிலவற்றில், டாங்கின் அடிமுள் போதிய அளவு வெளியே நீட்டிக்கொண்டிராவிட்டால், செல்லின் தலை டாங்கின் திருகுமரையைத் தொட்டு அப்படியே குறுக்குச்சுற்று ஆகிவிடும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் மின்சிகரெட் தீப்பிடித்த அல்லது வெடித்த 195 சம்பவங்களைத் தொகுத்தது. உருளை வடிவக் கருவியில் செல் வெடிக்கும்போது அது எறிகணை போலப் பாய்வதை அறிக்கை சுட்டிக்காட்டியது. அதில் உயிரிழப்பு இல்லை. பிறகு வந்தது. 2018-இல் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவரும், 2019 தொடக்கத்தில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஓர் இளைஞரும் வேப் வெடித்து இறந்தார்கள்; இரண்டாமவருக்குச் சிதறிய துண்டு கழுத்துத் தமனியை அறுத்தது. வீட்டில் காயில் சுற்றுவோர் எல்லோரும் இந்த ஆபத்தில் நிற்கவில்லை. சிப் வைத்த கருவி, அரை ஓமுக்குக் குறையாத ஒற்றைச் சுருள், உறை கிழியாத செல் என்று இருப்பவர் இதிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறார். செலவைக் குறைக்க வந்தவருக்கு மெக்கானிக்கல் மாட் எதற்கும் தேவையில்லை.

இரண்டாவது, மூச்சுக்குள் போவது. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஒரு குறிப்பு, 5 வோல்ட்டில் ஓட்டிய வேப்பின் ஆவியில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் இருந்ததாகவும், 3.3 வோல்ட்டில் அவை தென்படவில்லை என்றும் சொன்னது. பெரும் பரபரப்பு எழுந்தது. கிரேக்க இதயநோய் ஆய்வாளர் கான்ஸ்டான்டினோஸ் ஃபர்சலினோஸ் அதே ஆண்டு ஆடிக்‌ஷன் இதழில் பதில் தந்தார்: ஆல்டிஹைடுகள் பெருகுவது திரி வறண்ட நிலையில்தான், அந்தக் கருகலை எந்த மனிதரும் தொடர்ந்து இழுக்க மாட்டார். இந்த வாதம் இரு பக்கமும் கூர்மையானது. கருகல் வாடை எச்சரிக்கை மணி என்றால், நன்றாக வைத்த பஞ்சு ஒரு பாதுகாப்பு. அவசரத்தில் திணித்த பஞ்சு ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் விஷம். 'இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்' என்று கருகிய திரியை இழுத்துக்கொண்டிருப்பவர் எந்தச் சிக்கனமும் செய்யவில்லை.

உலோகக் கதை இன்னும் சிக்கலானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல், நாள்தோறும் வேப் பிடிக்கும் 56 பேரின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் காயிலைத் தொட்டு ஆவியானபின் ஈயம், குரோமியம், நிக்கல், மாங்கனீசு ஆகியவை ஏறியிருந்தன. ஈயத்தின் இடைநிலை அளவு 25 மடங்குக்கு மேல். காயிலை அடிக்கடி மாற்றுவோரின் ஆவியில் உலோகம் கூடுதலாக இருக்கும் போக்கும் தென்பட்டது. புதுக் காயில் என்றால் தூய காயில் என்று கடைக்காரர் சொல்வதை இந்த ஒரு கண்டுபிடிப்பே கேள்விக்குள்ளாக்குகிறது. ஒரே கம்பியைப் பல வாரம் வைத்துப் பஞ்சை மட்டும் மாற்றும் பழக்கத்துக்கு இது ஆதரவாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பழக்கத்தில் இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கசடை எரித்து நீக்க, பஞ்சில்லாமல் கம்பியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சுவதுதான் அது. ஃபர்சலினோஸ் இதை 2015-லேயே எச்சரித்தார்: அந்தச் சூடு கம்பியின் கட்டமைப்பை மாற்றுகிறது, மூச்சுக்குள் உலோகம் போக வழி திறக்கிறது. கான்தால் சூட்டில் அலுமினிய ஆக்சைடுப் படலம் போர்த்திக்கொள்ளும், 1,400 டிகிரி வரை தாங்கும் என்று மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். தாங்கும்தான், அந்த அளவு உலையின் ஆயுளுக்காகக் கணக்கிட்டது, நுரையீரலுக்காக அல்ல. மெல்லிய சூட்டில் ஓரிரு துடிப்பு கொடுத்து, நீரில் அலசி, மென்மையான தூரிகையால் தேய்ப்பது நடுவழி. ஆறு சென்டிமீட்டர் கம்பியின் விலை சில பென்ஸ் என்கிறபோது, கசடு இறுகிய சுருளைக் காய்ச்சிக் காப்பாற்றுவதைவிட அதை வெட்டி எறிந்து புதிதாகச் சுற்றுவது மேல். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்காக விற்கும் தூய நிக்கலையும் டைட்டானியத்தையும் சிவக்கக் காய்ச்சவே கூடாது.

இதில் சட்டத்தின் இடைவெளியும் இருக்கிறது. பிரிட்டனில் விற்கும் நிக்கோட்டின் வேப்களை அதன் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்எச்ஆர்ஏ-வுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆவியில் என்ன வருகிறது என்ற தகவலையும் தர வேண்டும். டாங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. வீட்டில் சுற்றிய காயில் இந்தச் சோதனைக்கு உள்ளாவதில்லை. அதனால்தான் எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவுக் கம்பியை வாங்குவது, இந்தச் சிக்கனத்திலேயே மோசமான சிக்கனம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2019 செப்டம்பர் அவசரச் சட்டமும் அதையடுத்து வந்த நாடாளுமன்றச் சட்டமும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்தன. முழுப்பொருள் மட்டுமல்ல, அதன் எந்தப் பாகமும் இதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். அங்கெல்லாம் காயில் சுற்றும் கலைக்கு இடமே இல்லை. பிரிட்டனில் இருப்பது வேறு கணக்கு. அங்கே 20 சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட் 15 பவுண்டைத் தாண்டிவிட்டது. சுகாதாரத் துறையே புகைபிடிப்பவர்களை வேப்புக்கு மாறச் சொல்கிறது. ஆய்வாளர் பீட்டர் ஹாயெக் தலைமையில் 886 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், வேப் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் சிகரெட்டைத் தொடவில்லை. நிக்கோட்டின் பட்டை, பசை முதலியன பெற்றவர்களில் 9.9 சதவீதம். ஆனால் அப்படிச் சிகரெட்டை விட்டவர்களில் எண்பது சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை விடவில்லை. காயில் செலவு ஆண்டுக்கணக்கில் நீள்வது இவர்களுக்குத்தான்.

இவர்களுடைய பெருஞ்செலவு காயிலில் இல்லை, திரவத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர் இழுப்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 110 புட்டிகள் தேவை. 10 மில்லிலிட்டர் புட்டி 3 பவுண்டு என்று வைத்தாலும் 330 பவுண்டு. கையால் சுற்றத் தொடங்கியவர்கள் பலர் படிப்படியாகத் தடையைக் குறைத்து, சக்தியை ஏற்றி, நாளுக்கு 10 மில்லிலிட்டரை எட்டிவிடுகிறார்கள். காயிலில் மிச்சம்பிடித்த நூறு பவுண்டு திரவத்தில் பல மடங்காகக் கரைகிறது. அதோடு 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிலிட்டருக்கு 2.20 பவுண்டு தனி வரி என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்; நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கும் அதே வரி. அதன்மேல் விற்பனை வரியும் சேர்ந்தால் 2.64 பவுண்டு. 3 மில்லிலிட்டர்காரருக்கு ஆண்டுக்கு 290 பவுண்டு கூடும். 10 மில்லிலிட்டர்காரருக்கு 960 பவுண்டுக்கு மேல்.

ஆகவே சுற்ற விரும்புபவர் சுற்ற வேண்டியது சிறிய, ஒற்றைச் சுருள்: ஓர் ஓமை ஒட்டிய தடை, குறைந்த சக்தி, சிகரெட் போல வாய்க்கு இழுத்துப் பிறகு உள்ளே விடும் வகை. அதற்கு 28 கேஜ் கம்பி போதும். அதே ஆறு சென்டிமீட்டர், மீட்டருக்குச் சுமார் 18 ஓம் என்பதால் 1.1 ஓம் தரும். ஆவி குறையும், திரவமும் குறையும். நாளுக்கு ஒரே ஒரு மில்லிலிட்டர் குறைந்தாலும் ஆண்டுக்கு 365 மில்லிலிட்டர். புதிய வரியில் மட்டும் 96 பவுண்டு மிச்சம். ஆண்டு முழுவதும் காயில் சுற்றி மிச்சம்பிடிக்கும் தொகையும் ஏறத்தாழ அவ்வளவேதான்.